தண்ணீர் வேண்டாம் என்று சொன்னவர்

1
தனம் செத்ததிலிருந்து அவள் மகள் அம்பிகா, அப்பன் குழந்தைவேலோடு பேசுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கூட்டியவன். கரும்பு வெட்டிய கை, மெதுவாகத்தான் போகும்.

2
கொள்ளிடம் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்த (இல்லை, ஓடவில்லை.)

திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டு. குழந்தைவேல், தனம், நான் எல்லாம் ஒரே செட்டு. ஆற்று மணலில் ஊற்று தோண்டிக் குடித்தோம். "கேன் தண்ணி தோத்துச்சு போ" என்று தனம் பீற்றிக்கொள்வாள். ஊற்றுக்குக் கொஞ்சம் மேலேதான் எல்லாரும் வெளிக்குப் போவோம். மணல் வடிகட்டிவிடும் என்று நினைப்பு.

3
ஒரு நாள் விடிந்ததும் தனத்துக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாக, நிற்காமல். அப்புறம் வாந்தி. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. மத்தியானத்துக்குள் கண் குழிக்குள் போய், விரலெல்லாம் சுருங்கிவிட்டது.

"தண்ணி குடுய்யா. நாக்கு ஒட்டுது."

குழந்தைவேல் சொம்பை எடுத்தான். யாரோ ஒருவர் தடுத்தார்.

"குடுக்காதண்ணே. உள்ள போனா அப்படியே வெளிய வரும். வயிறு காயட்டும், தன்னால நின்னுடும்."

"காயட்டுமாம். நான் என்ன கருவாடா?" என்றாள் தனம். அதற்குப் பிறகு அவள்

[யாரோ ஒருவர் என்று எழுதியது பொய். அடிக்காமல் விட்டிருக்கிறேன், பாருங்கள்.]

4
லோடு ஆட்டோவில் அரியலூர் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. டாக்டர் காலரா என்றார். மலம் கலந்த தண்ணீரில் வரும் கிருமியாம். உடம்பில் உள்ள தண்ணீரெல்லாம் வடிந்துதான் ஆள் சாகிறது. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே வந்திருந்தால் பிழைத்திருக்கலாம்.

"அம்மா தண்ணி கேட்டுச்சாப்பா?" என்றாள், சேதி கேட்டு வந்த அம்பிகா.

"கேட்டுச்சு."

"குடுத்தியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். என் பக்கம் திரும்பவே இல்லை.

5
முடிவு ஒன்று: அம்பிகா இருக்கும் ஆண்டிமடத்துக்கு நான் பஸ் ஏறுகிறேன். (ஏறினேன். ஜெயங்கொண்டத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன்.)

முடிவு இரண்டு: குழந்தைவேலே சொல்லிவிடுகிறான். (சொல்லமாட்டான். "செத்தவ திரும்பியா வரப்போறா? சொம்பைத் தடுத்தது நீன்னு சொல்லி ஏண்டா அதுகிட்ட பேச்சு வாங்கணும்" என்கிறான்.)

மூன்றாவது முடிவு எழுத என்னால் ஆகவில்லை. இந்தத் தாளை மடித்து, மேலே அம்பிகா என்று எழுதிவிட்டேன். ஆண்டிமடம் பக்கம் போகிறவராக இருந்தால் நீங்கள் கொண்டுபோய்க் கொடுங்கள். அவள் படித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நில்லுங்கள். படித்துவிட்டு அவள்