மரியாதைக்கு ஒரு தட்டு

சாட்டின் துணி முடிச்சில் நிற்காது என்பது ஜவுளிக்கடைக்காரரான கங்காதரனுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. ஆனாலும் தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் இன்ஸ்டிடியூட் மேடைக்குப் பின்னால் அவர் அந்தக் கறுப்புப் பெல்ட்டை மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார். தன் கடைத் துணி, தன் தையல்காரர், தன் இடுப்பு. இதில் யாரைக் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி.

“அத்தக் கட்றதுக்கு வருஷக்கணக்கா உழுந்து எழுந்திருக்கணும்,” என்றாள் ஐடா.

“எனக்குக் கடை இருக்குது ஐடா. உழுந்துகினு இருக்க நேரமில்ல.”

ஐடா பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய அண்ணனிடம் கற்ற ஜூஜித்சு என்ற ஜப்பானிய மல்வித்தையை, சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து வரும் பெண்களுக்கு மாலையில் சொல்லிக்கொடுத்தாள். மாதக்கணக்கில் விழுவது மட்டும்தான் பாடம். பிறகு, மேலே ஏறி உட்கார்ந்தவனின் அடியிலிருந்து இடுப்பை நழுவவிட்டு வெளியே வருவது. அப்புறம், கையை மடக்கிப் பூட்டுவது. சலிப்பு வரும், சண்டை வரும், மறுபடி அதே அசைவு. பூட்டு விழுந்தால் மாட்டிக்கொண்டவள் பாயைத் தட்ட வேண்டும். தட்டிய கணமே மற்றவள் விட்டுவிட வேண்டும். இதில் ஐடாவுக்கு ஒரே பிடிவாதம்: “வலி வர்றதுக்கு மின்னாடி தட்டு. பூட்டு உழலேன்னா தட்டாத. நீ மரியாதைக்குத் தட்டினா, அவ தப்பாக் கத்துக்கினு போவா. சாராயக்கடை ஓரம் நிக்கறவன் மரியாதைக்குத் தட்ட மாட்டான்.”

வெறுந்தரையில் சாக்கு விரித்துப் புரண்டவர்களுக்குத் தேங்காய் நார்ப் பாய் கொடுத்த வள்ளல்தான் கங்காதரன். பாயின் நடுவில் கடையின் பெயர், காலஞ்சென்ற தகப்பனார் பெயர், தாமரையில் லட்சுமி. அவற்றின்மேல் கால் படக்கூடாது என்றார். ஆகவே பெண்கள் பாயின் ஓரங்களில் மட்டும் ஒருவரையொருவர் கவிழ்த்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் அவரே பழக வந்தார். அவர் கை பக்கத்தில் வரும் முன்பே பெண்கள் படபடவென்று தட்டினார்கள். ஐடா பல்லைக் கடித்தாள். வாரக் கடைசியில், கோலார் ஜில்லாவிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

அதன் விளைவு இன்றைய விழா. கோலாரிலிருந்து ஓர் அதிகாரி வந்திருக்கிறார். அவர் முன்னால் கங்காதரன் ஐடாவைப் பூட்டுவார், ஐடா தட்டுவாள், பாய் இனிப் பெண்களுக்கே என்று கங்காதரன் மேடையில் அறிவிப்பார். இல்லாவிட்டால் பாய் நாளைக் காலையில் கடைக் குடோனுக்குப் போய்விடும்.

“ஒரு தட்டுதானே டீச்சர், தட்டிட்டுப் போங்களேன்,” என்றாள் மாலா. ஆஸ்பத்திரி ஆயாவான அவள்தான் பழக வருபவர்களில் இருட்டில் தனியாக வீடு திரும்புகிறவள்.

“அன்னிக்கு அவருக்குத் தட்டினியே, வலிச்சுதா?”

“இல்ல. பாய் மெத்துனு இருந்துச்சு.”

மைக்கில் கங்காதரன், ஐடா தமக்கு மகள் மாதிரி, எனவே யாரும் விகற்பமாக நினைக்கக்கூடாது என்றார். ஐடா அவரைவிட மூத்தவள். போட்டோவில் கடைப் பெயர் விழ வேண்டுமென்பதால், இன்று ஒருநாள் அவள் லட்சுமியின்மேலேயே படுக்க அனுமதி கிடைத்தது.

கங்காதரன் அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் கையைப் பிடித்தார். மணிக்கட்டைத் தரையோடு அழுத்தி, முழங்கையை மெல்லத் தூக்க வேண்டும். அவர் மணிக்கட்டைத் தூக்கிக் கிணற்று வாளியைப் போல இழுத்தார். கை அவரிடம் இருந்தது. பூட்டு எங்கும் இல்லை. ஒரு விநாடியில் நழுவி வந்து அவரைக் கவிழ்த்துவிடலாம். கவிழ்த்தால் பாய் போகும். தட்டினால் பாய் இருக்கும். ஆனால் அதன்மேல் நாளைக்கு எந்த வாயால் பாடம் சொல்வது? முன்வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பூட்டு விழவில்லை என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

“தட்டு ஐடா,” என்றார் பல்லிடுக்கில்.

அவள் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தட்டும்மா. பெரியவரு பாக்கறாரு.”

“பூட்டு உழலியே,” என்றாள், வீட்டில் பேசுகிற குரலில். முன்வரிசையில் மாலா வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி மடியிலிருந்த மாலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார்.

“டீச்சர்... தட்டிடுங்க. பாய் உங்களுதுதான்.”

அவர் மூச்சு வாங்கினார். விடவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை. இத்தனை பேர் பார்க்க ஒரு மனிதர் தன் பிடியிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்.

“மணிக்கட்டத் தரையில வைங்க,” என்றாள் ஐடா. “உங்க மாரு என் மேல சாயட்டும். மொழங்கைய மட்டும் தூக்கணும். நல்லா பண்ணீங்கன்னா நானே தட்டுறேன்.”

“இங்கியா?”

“வேற எங்க?”

கங்காதரன் அவள் மணிக்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறக்கினார். பவுடர் கரைந்த வியர்வை வெள்ளையாக அவர் மோவாயில் திரண்டு நின்றது.

“இல்ல,” என்றாள் ஐடா. “மறுபடி முதல்லேர்ந்து.”

அவளுடைய மற்ற கை பாயின்மேல் விரிந்து அப்படியே கிடந்தது.