நாற்பத்தொன்றாம் தகடு

மலேசியாவில் காஜாங்கைத் தாண்டி இருந்த அந்தக் கல் குவாரியில் வாசல் பலகை வைத்ததுதான் சட்டம். இறங்குகிறவர் தம் எண் தகட்டை ‘உள்ளே’ பக்கம் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் ‘வெளியே’ பக்கம் மாற்ற வேண்டும். எல்லாத் தகடும் வெளியே இருந்தால்தான் பாறைக்கு வெடி வைப்பார்கள்.

மனிதவளப் பிரிவைத் தனியாளாகப் பார்த்துவந்த புனிதா, போன வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு காரியம் செய்தாள். நாற்பத்தொன்று மட்டும் உள்ளே தொங்கியது. தமிழ்நாட்டுக்காரர் அழகிரியுடையது. மறந்துவிட்டுப் போயிருப்பார் என்று அதை வெளியே மாட்டிவிட்டு, எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க ஓடினாள். வாரத்துக்கு நாலு பேருக்கு இப்படிச் செய்வாள். பெரிய உபகாரம் என்று நினைப்பு வேறு!

அன்றைய மழையில் வடக்குப் பக்கம் மண் சரிந்திருந்ததை மறுநாள்தான் பார்த்தார்கள். அழகிரியையும் காணவில்லை. பலகைப்படி எல்லாரும் வெளியே, யார் தோண்டுவார்கள்? சனிக்கிழமை மேனேஜர் சுகுமாறன், “ஓடிட்டான் லா. இமிகிரேசனுக்கு லெட்டர் போடு,” என்றார். புனிதா கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை நாற்பத்தொன்று உள்ளே தொங்கியது. எடுத்து வெளியே மாட்டினாள். செவ்வாயும் உள்ளேதான், ஈர மண்ணோடு. யார் மாட்டியது என்று வாசலில் விசாரித்தாள்.

“நான் தொடல மேடம். கேமராவிலயும் யாரும் இல்ல,” என்றார் காவலாளி ராஜன்.

அன்று ஊரிலிருந்து அழகிரியின் மனைவி கூப்பிட்டாள். “ஓடிப்போற ஆளு இல்லைங்க மேடம் அவரு. வியாழக்கிழமை போன்ல, பம்பை நிறுத்திட்டுப் பேசுறேன்னாரு. அப்புறம் பேசவே இல்ல.”

தண்ணீர் இறைக்கும் பம்பு வடக்குச் சரிவுக்குக் கீழே இருந்தது.

புதன்கிழமை அங்கேதான் வெடி. “போர்டு க்ளியரா?” என்று கத்தினார் சுகுமாறன். தகடு உள்ளேதான் தொங்கியது. புனிதாவின் கை பழக்கத்தில் அதனிடம் போனது. வெட்கமும் பயமுமாகக் கையை இழுத்துக்கொண்டாள்.

“இல்ல பாஸ். அழகிரி உள்ள இருக்காரு. அன்னிக்குத் தகட்டை மாத்தினது நான்தான்.”

“உன் வேலை போயிடும், தெரியுமா?”

“போகட்டும். முதல்ல அவரை வெளிய எடுங்க.”

சாயங்காலம் பம்புக்குப் பக்கத்தில் அழகிரியின் உடல் கிடைத்தது. தூக்கி வந்தவர்களுக்கு வழிவிட்டு, தகட்டை மாற்றப் புனிதா பலகைக்குப் போனாள்.

நாற்பத்தொன்று ஏற்கெனவே வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.