அழகுமுத்து வரைந்த மலை

நாடகப் படுதாவை வாசலில் நட்ட மூங்கில்களில் கட்டிக்கொண்டிருந்தவர்களிடம், மேல் ஓரத்தை இன்னும் இழுத்துக் கட்டச் சொன்னாள் மீனம்மா. அவர்கள் குடியிருந்த ஒற்றையறைக் காம்பராவுக்குள் வெளிச்சம் போதாது. வாசல் சுவரோ புகையேறிக் கறுத்திருந்தது. பின்னால் ஏதாவது துணி தொங்கவிட்டால்தான் இறந்தவர் முகம் தெளிவாக விழும் என்று தலவாக்கலையிலிருந்து வந்த போட்டோக்காரர் சொல்லிவிட்டார். விடியுமுன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அவள் புருஷன் அழகுமுத்துவுக்கு ஒரு படம்கூட இல்லை. இன்று விட்டால் அந்த முகம் இனிக் கிடைக்காது.

அந்தப் படுதா அவன் வரைந்ததுதான். போன வருஷம் ஹட்டன் சினிமாக் கொட்டகையில் ஜப்பான்காரர்கள் வரைந்தே எடுத்த சித்திரப் படம் ஒன்று ஓடியது. எல்லாரும் ஓடுகிற குதிரையைப் பார்த்தார்கள். அவன் பின்னால் நின்ற மலையையே பார்த்தான்.

"மலை அசையாம நிக்கிறதாலதான் புள்ள, குதிரை ஓடுது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

அதன்பிறகுதான் தேயிலைத் தோட்டத்து நாடகத்துக்குப் படுதாவில் மலை வரைய உட்கார்ந்தான். சீமைச் சுண்ணாம்பையும் வர்ணப்பொடியையும் அம்மியில் அரைத்துக் கொடுத்தது மீனம்மா. பிசின் குறைவாகத்தான் சேர்ப்பான். கூடினால் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மலை பளபளக்குமாம். ஆனால் பிசின் குறைந்தால் தண்ணீர் பட்டதும் கரைந்துவிடும். அம்மியை எவ்வளவு கழுவினாலும் குழம்பில் சுண்ணாம்பு நெடி போகவில்லை.

"இவுங்க வீட்டுல மலையத்தான் ஆக்கித் தின்னுறாங்க" என்பாள் அடுத்த காம்பரா ராசம்மா.

அழகுமுத்துவை நாற்காலியில் சாய்த்து உட்கார்த்தினார்கள். மீனம்மா பக்கத்தில் நின்றாள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட நேரம் தூறல் பிடித்தது. மலையுச்சியிலிருந்து நீலம் ஒரு கோடாக வழிந்தது.

மீனம்மா அவனைப் பார்த்தாள். படுதாவைப் பார்த்தாள்.

"படுதாவக் கழட்டிருங்க. படம் வேணாம்."

"நீ பேசாம நில்லுடி" என்றாள் ராசம்மா. கொழுந்தெடுக்கப் போகையில் தலையில் போடும் கம்பளியை உதறிக்கொண்டு வாசலில் கிடந்த பெஞ்சில் ஏறினாள். குழிவெட்டக் கிளம்பியிருந்த ஆட்களும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஏறினார்கள். படுதாவுக்கும் நாற்காலிக்கும் மேலே கம்பளிகள் விரிந்தன. பிடித்திருந்தவர்களின் தலையில் மழை இறங்கியது.

"யாரும் அசையாதீங்க" என்றார் போட்டோக்காரர்.

யாரும் அசையவில்லை.

கருமாதி முடிந்து படம் வாங்கப் போனாள் மீனம்மா. அழகுமுத்துவின் முகம் தெளிவாக இருந்தது. மேல் ஓரத்தில் நனைந்த கம்பளியும், அதைப் பிடித்திருந்த விரல்களும் விழுந்திருந்தன. அதை வெட்டிவிட்டுச் சட்டம் போடலாம் என்றார் போட்டோக்காரர்.

"வேணாங்க. அப்புடியே இருக்கட்டும்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தலையிலிருந்த கம்பளியை எடுத்துப் படத்தைச் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, நனைந்தபடியே பஸ்ஸுக்கு நின்றாள்.