பன்றி மோதிய ஹைலக்ஸ்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த முதல் பரிசிலிருந்து தொடங்குகிறது. அதை வாங்கி இடத்தில் வந்து உட்காரக்கூட இல்லை, அதற்குள் ஒரு பெண் என் மேசை முன்னால் நின்று

[இல்லை. இங்கே தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை, அதனால் அவசரப்படுகிறேன்.]

வேறு தொடக்கம்: "கிருபானந்தன் பிரிக்பீல்ட்ஸில் பொய்ப்பல் செய்பவர். ஓய்வு நேரத்தில் சின்னச் சின்ன பிக்கப் வண்டிகள் செய்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்..."

இதுவும் வேண்டாம். மூன்று நாள் இப்படித்தான் எழுதினேன். பழியை எல்லாம் கிருபானந்தன் தலையில் கட்டிவிட்டு நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். எழுதுகிறவனுக்கு இந்த வசதி எப்போதும் உண்டு. கிருபானந்தன் நான்தான். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். இதில் வரும் எல்லார் பெயரும் மாற்றியதுதான்.

2

இருபத்திரண்டு வருடமாகப் பொய்ப்பல் செய்கிறேன். பக்கத்துப் பல்லின் நிறம் பார்த்து அதே நிறத்தில் புதுப்பல் செய்ய வேண்டும். அந்தக் கண்ணையும் அந்தக் கருவிகளையும் வைத்துக்கொண்டு மாலையில் மாடல் வண்டிகள் செய்வேன். அசல் வண்டியில் இருபத்து நான்கில் ஒரு பங்கு, ஒரு சாண் நீளம்தான் இருக்கும். பொம்மை என்று யாராவது சொன்னால் மாடல் செய்யும் எங்கள் குழுவில் சண்டையே வரும்.

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுவது யாராலும் முடியும். கெட்டிக்காரத்தனம் அதை அழுக்காக்குவதில்தான் இருக்கிறது. துரு, சேறு, கீறல், நசுங்கல் எல்லாம் அசல்போல வர வேண்டும். பளபளவென்று புது வண்டி செய்து வைத்தால் எங்கள் ஆட்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் ரோட்டில் அடிபட்ட வண்டியைக் கண்டால் மற்றவர்கள் "ஐயோ" என்பார்கள். நாங்கள் ஃபோனை எடுத்துப் படம் பிடிப்போம்.

[பரிசு வாங்கியபோது மேடையில் இதையேதான் சொன்னேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.]

3

சிவேந்திரன் என் மனைவி வசுந்தராவின் தம்பி. வாரக் கடைசியானால் நண்பர்களோடு எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுப் பாதைகளில் சேறு தெறிக்க வண்டி ஓட்டுவான். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை தன் ஹைலக்ஸ் பிக்கப்பை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். முன்பக்கம் இடது மூலை உள்ளே போயிருந்தது. விளக்கு இல்லை.

"என்னடா ஆச்சு?"

"கேரி தீவுல காட்டுப்பன்னி அத்தான். நேத்து மழையில திடீர்னு குறுக்க வந்துருச்சி. தண்ணிக் குழாய் எங்க? கழுவிட்டு வர்க்‌ஷாப்ல போடணும்."

அவன் குழாயைத் திறக்கப் போனான். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"கழுவாத, கழுவாத! இரு லா, படம் எடுத்துக்கறேன்."

அவன் குழாயும் கையுமாக நிற்க, நான் தரையில் படுத்துக்கூடப் படம் எடுத்தேன். மொத்தம் அறுபத்து நான்கு. நசுங்கிய தகட்டின்மேல் இழுபட்ட ஒரு நீலக் கோடு இருந்தது, என்ன அழகான நீலம். பம்பர் இடுக்கில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பிசிறு சிக்கியிருந்தது. சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும் பட்டையின் நூல் என்று நினைத்து, மாதிரிக்காக இடுக்கியால் உருவி பொய்ப்பல் வைக்கும் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

இரண்டு மாதம் உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அந்த மூலையைச் செய்தேன். நீலத்தை ஏழு தடவை கலந்தேன், பம்பர் இடுக்கில் அதே ஆரஞ்சில் ஓர் இழையும் செய்து வைத்தேன். பன்றிக்கு ஏது நீலப் பெயிண்ட் என்று ஒரு தடவைகூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. என்னைவிட அருகில் போய் அந்த வண்டியைப் பார்த்தவன் யாரும் கிடையாது.

4

மாடல் வண்டிகளின் போட்டிக் கண்காட்சி பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எழுத்தாளன் அல்லவா, மாடலுக்கு முன்னால் தமிழிலேயே அட்டை எழுதி வைத்திருந்தேன்: "பன்றி மோதிய ஹைலக்ஸ். கேரி தீவு, பிப்ரவரி."

நான் பரிசோடு மேசைக்குத் திரும்பியபோது, சாப்பாடு பரிமாற வந்த ஒரு பெண் தேநீர்த் தட்டோடு அதன் முன்னால் நின்றுவிட்டாள். வயது முப்பதுக்கு மேல் இருக்கும். சட்டையில் தாமரை என்று பெயர் குத்தியிருந்தது. என் வேலையில் மயங்கி நிற்கிறாள் என்று எனக்கு ஒரே பெருமை.

"இந்த நீலம் ஏதுண்ணே?"

"நானே கலந்ததும்மா. அசல் வண்டியில இருந்த அதே கலர்."

"அசல் வண்டின்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கே. என் மச்சானோடது."

"இந்த ஆரஞ்சு?"

"அது வண்டிய இழுக்கற பட்டையோட நூலு."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். கோப்பைகள் ஆடிக் கவிழ்ந்தன.

"அது ரெயின்கோட்டுண்ணே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்க வீட்டுக்காரரு, லோகன். கிள்ளான் பக்கம் மேருவுல வீடு. வீட்டுக் கேட்டுக்கு அடிச்ச நீலப் பெயிண்டு மிச்சம் இருந்துச்சின்னு மோட்டார் சைக்கிளுக்கும் அடிச்சாரு. நான்தான் சிரிச்சேன், கேட்டு ரோட்டுல ஓடுதுன்னு. பிப்ரவரியில கேரி தீவுல வேல முடிஞ்சி வந்தாரு. மழைன்னு ஆரஞ்சு ரெயின்கோட்டு போட்டிருந்தாரு. எவனோ இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டான். ரெண்டு மணி நேரம் உசுரோட கெடந்திருக்காருண்ணே. வண்டிய இன்னும் கண்டுபிடிக்கல."

பிறகு அட்டையை ஒருமுறை படித்தாள். சத்தம் போடவில்லை.

"அவரு பன்னி இல்லண்ணே."

யாரோ வந்து என் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்கள். நன்றி என்று சொன்னேனாம். எனக்கு நினைவில்லை.

5

சிவேந்திரனை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வரைவில் அவன் அப்பாவி. மழை, இருட்டு, பன்றி என்றே நம்பிவிட்டான். அந்த வரைவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உண்மையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அவனுக்கு ஃபோன் செய்தேன். தாமரையைப் பற்றி மூச்சு விடவில்லை. பரிசு கிடைத்தது என்று மட்டும் சொன்னேன்.

"சந்தோஷம் அத்தான்" என்றான். பிறகு கேட்டான்: "அந்தப் படமெல்லாம் இன்னும் ஃபோன்லயா இருக்கு?"

"ஏன்டா?"

"சும்மாதான். மாடல் முடிஞ்சிருச்சில்ல, அழிச்சிருங்க. இடத்த அடைக்கும்."

[இங்கே நான் ஏதாவது எழுத வேண்டும். அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.]

6

என் கதைகளை முதலில் படிப்பது வசுந்தராதான். இதையும் நாலாம் பகுதி வரை படித்தாள்.

"நீலத்த சிவப்பாக்குங்க. கேரி தீவு வேணாம், வேற எடம் போடுங்க. மாசத்தயும் மாத்துங்க. கதைதானே?"

"கதையில மாத்திடலாம் வசு."

"அம்மா போனப்ப அவனுக்கு ஒம்பது வயசு. நான்தான் சோறு ஊட்டி வளத்தேன். அவன உள்ள போட்டா அந்தப் பொண்ணோட புருஷன் எழுந்து வந்துருவாரா?"

அவள் அழுதாள். நியாயம் அவள் பக்கம் இல்லை. ஆனாலும் அவள் என் மனைவி, முப்பது வருடமாக என்னோடு இருப்பவள். தம்பியை நான் காட்டிக்கொடுத்தால் அவள் இந்த வீட்டில் என் முகத்தில் விழிப்பாளா என்று தெரியவில்லை.

நீலத்தை நான் மாற்றவில்லை. நீங்களே பார்க்கிறீர்கள்.

மண்டபத்தில் என் எண்ணை வாங்கிப்போன தாமரை ஃபோன் செய்தபோது, படங்களும் அந்த ஆரஞ்சுத் துண்டும் என்னிடம் இருக்கின்றன, நடந்ததை அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். ஏதோ பெரிய காரியம் செய்கிறவனைப்போல.

"எழுதி என்னண்ணே ஆகப்போவுது? அத வச்சி கேசு நடத்துவாங்களா? படத்தக் குடுங்க. அந்த ரெயின்கோட்டுத் துண்டக் குடுங்க. திங்கக்கிழம பத்து மணிக்கு கிள்ளான் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிப்பேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

7

முடிவு அ: கிருபானந்தன் மாடலைத் தரையில் போட்டு உடைக்கிறார். [சுத்த நாடகம். அதை உடைத்தால் லோகனுக்கு என்ன?]

முடிவு ஆ: சிவேந்திரன் மனம் மாறித் தானே போய்ச் சரணடைகி [படத்தை அழிக்கச் சொன்னவனா?]

முடிவு இ: கிருபானந்தன் ஸ்டேஷனுக்குப் போகிறார். படங்களையும் டப்பாவையும் மேசைமேல் வைக்கிறார். தாமரை அவரைப் பார்த்துக் கைகூப்புகிறாள்.

இந்த மூன்றாவதை நேற்று முழுதாக எழுதினேன். இரண்டு பக்கம், நன்றாக வந்தது. எழுதி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது. பல நாளைக்குப் பிறகு பசித்தது, தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் திடுக்கிட்டேன். நான் எங்கேயும் போகவில்லை. ஒரு படத்தைக்கூட யாரிடமும் கொடுக்கவில்லை. எழுதியதற்கே எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. சீ என்று ஆகிவிட்டது. இரண்டு பக்கத்தையும் அழித்தேன்.

ஆகவே இதற்கு முடிவு எழுத மாட்டேன். இன்று திங்கள். மணி எட்டே முக்கால். வசுந்தரா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள். இந்த நெரிசலில் கிள்ளான் போய்ச் சேர ஒரு மணி நேரமாவது வேண்டும். கதையை இழுக்க இழுக்க நேரம் போய்க்கொண்டே இருக்கும், அதுவும் எனக்குத் தெரிகிறது.

கீழே பாருங்கள். இதற்கு அப்புறம் இன்னும் ஒரு வரி இருந்தால், நான் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.