கதை இல்லாத நம்பர்

மாஜோங் தாள் எனப்படும் அகலத் தாளில் கணக்கைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டினால் மண்டையில் ஏறும் என்று நினைத்தேன். 1986ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் வகைக்கெழுச் சமன்பாடும் நேரியல் இயற்கணிதமும் சேர்ந்த பாடத்தில் தோற்று, மறுதேர்வுக்குப் படிக்க எங்கள் எஸ்டேட் வீட்டுக்கு வந்திருந்தேன். இதிலும் தோற்றால் படிப்புக்கான உபகாரச் சம்பளம் நின்றுவிடும். ராவாங் தொழிற்சாலை ஒன்றில் அப்பா எனக்கு வேலைக்குச் சொல்லிவைத்தாயிற்று. "ஒரு பேச்சுக்குத்தான்" என்றார். அப்பா ஒரு பேச்சுக்காக எதையும் செய்கிறவர் அல்ல.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதுவரை எந்தக் கணக்கையும் நான் புரிந்துகொண்டதில்லை. படிகளை மனப்பாடம் செய்து தாளில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். நல்ல ஞாபகசக்தியைத் தவிர எனக்குள் வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்பதே சந்தேகமாக இருந்தது.

சுவரில் ஒட்டியவை மேட்ரிக்ஸ்கள். மேலே இரண்டு எண், கீழே இரண்டு எண், இருபுறமும் அடைப்பு. எங்கள் வரிசைக் குடியிருப்பான லயத்தின் மூன்றாம் வீட்டு நவமணியக்கா, செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கிவிட்டுத் திரும்பும்போது சன்னல் வழியே பார்த்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் நாலு இலக்கம் சேர்ந்து நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மோதிய லோரியின் நம்பரானாலும் சரி, பிறந்த குழந்தையின் சான்றிதழ் நம்பரானாலும் சரி, சனிக்கிழமைக்குள் பத்தாங் பெர்ஜுந்தை டவுனிலுள்ள நாலு நம்பர் லாட்டரிக் கடைக்குப் போய்விடும்.

"ஏம்புள்ள கங்கா, யூனிவர்சிட்டியில இதான் சொல்லிக் குடுக்குறாங்களா? இத்தன நாளா வாயத் தொறக்கலியே."

"அக்கா, இது பாடம்."

"பாடந்தான். யாரு இல்லேன்னா? சனிக்கெழமைக்கு எது வரும், அத மட்டும் சொல்லு."

துரத்துவதற்காக ஒன்றைக் காட்டினேன். மேலே 1, 2. கீழே 2, 1. அவள் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்கருந்து வந்துச்சு?"

"என்னது?"

"நம்பரு. கனவா, பாம்பு கீம்பு வந்துச்சா, யாராச்சும் செத்தாங்களா? கதை இல்லாத நம்பருக்கு யாரு டுயிட் வெப்பா? காசு என்ன மரத்துலயா காய்க்குது?"

எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் இருந்தது, எழுதினேன்.

"எழுதுன ஒனக்கே தெரியலயா?" என்றாள். தோற்ற செய்தி வந்தபோதுகூட நான் அப்படிக் கூசவில்லை.

பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்று தொடங்கினேன். அக்காவுக்கும் பக்கத்து வீட்டு இராஜம்மாவுக்கும் குழாயடியில் ஆரம்பித்த சண்டை லயத்துக்கே தெரியும்.

"இது ரெண்டு பேரு கோபம். இந்த ஒண்ணு, உங்க கோபம் தானா வளர்றது. பக்கத்துல ரெண்டு, அவங்க கோபத்தப் பாத்து உங்களுது வளர்றது. கீழ அவங்களுக்கும் அதே மாதிரி."

"அவளுக்குத் தானா வளர்றது ஒண்ணு இல்ல. அஞ்சு போடு."

"இந்தக் கதைக்கு ஒண்ணுதான்."

"சரி, பெறகு?"

பிறகு என்ன? கை தானாகத் தாளில் ஓடியது. இருவருக்கும் சமமான கோபம் என்றால் தன்னுடையது ஒரு பங்கு, எதிராளியுடையது இரண்டு பங்கு. சண்டை மூன்று மடங்கு வேகத்தில் வளரும். ஒருத்தியின் கோபத்துக்கு மற்றவள் அதே அளவு பிரியத்தைக் காட்டினால் ஒன்றிலிருந்து இரண்டு போய்விடும். மிஞ்சுவது கழித்தல் ஒன்று, தேய்ந்துகொண்டே போகும். மூன்றும் கழித்தல் ஒன்றும். ஐகன் மதிப்புகள் என்று சூத்திரம் சூத்திரமாக நான் ஒப்பித்துக்கொண்டிருந்தவை இவைதான். பொய் சொல்ல உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிட்டிருந்தேன்.

"அப்ப நான் அவளப் பாத்துச் சிரிச்சா சண்ட தேஞ்சிரும்ங்குற."

"ஆமாக்கா. நீங்க காட்டுன பிரியமும் கூடவே தேஞ்சிரும்."

"அப்பப் பரவால்ல," என்று யோசித்தாள். "ஆனா அவ மொதல்ல சிரிக்கட்டும் லா."

1221 கட்டினாள். பரிசு விழவில்லை. ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், அடுத்த தாளின் முன்னால் போய் நின்றாள். "இதுக்கு என்னா கதை?"

அதன்பின் தினமும் வந்தாள். அவள் வருவதற்குள் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வேலை கண்டுபிடித்தாக வேண்டும். பரீட்சைக்குப் பயந்து நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை. அப்பளசாமியின் கோழிகளும் அவற்றைத் தின்னும் கீரியும் ஒரு தாளில் பெருகித் தேய்ந்தன. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் அவர் மனைவியும் இன்னொரு தாளில் நெருங்கி விலகினார்கள். அதை மட்டும் அக்கா இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.

மறுதேர்வில் வந்தது சுவரில் இல்லாத மேட்ரிக்ஸ். ஞாபகத்தில் தேடினேன், அகப்படவில்லை. வழக்கமாக அந்த இடத்தோடு எல்லாம் முடிந்துவிடும். இந்தத் தடவை, யாருக்கு யார்மேல் கோபம் என்று தாளையே கேட்டேன். உள்ளே ஒருத்தி பதில் சொன்னாள். நான் சிரித்திருக்க வேண்டும், மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

தேறிவிட்டேன். அப்பா ராவாங்குக்குப் பேருந்து ஏறி, பெண் வேலைக்கு வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார். நவமணியக்கா லயம் முழுக்கப் பேசினாள். தான் கேட்டுக் கேட்டுத்தான் இந்தப் பெண் தேறியது என்றாள். மறுக்க வாயெடுத்தேன். எந்த இடத்தில் மறுப்பது என்று தெரியவில்லை.

கிளம்பும் நாளில் என் பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தாள்.

"இனிமே என்னா பாடம்?"

"ப்ராபபிலிட்டி. ஒரு நம்பர் வருமா வராதான்னு பாக்குற கணக்குக்கா."

அக்கா பையைக் கீழே வைத்தாள்.

"அத விட்டுட்டு," என்றாள், "என் சண்டையப் போயா படிச்ச?"