ஒட்டுப்பால் சசியின் கையெழுத்து

நான் ராப் பாடுகிறேன் என்று சொன்னால் எங்கள் தோட்டத்தில் அப்போது இரண்டு விதமாகக் கேட்பார்கள். ஒன்று, அப்படியென்றால் என்ன என்பார்கள். இல்லாவிட்டால், பாட்டு என்கிறாய், பிறகு ஏன் சண்டை பிடிக்கிறாய் என்பார்கள். இரண்டாவது கேள்வி எனக்குப் பிடிக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதற்கு ஒரு வேலை கொடுத்தேன், அவ்வளவுதான்.

இது 2008இல் நடந்தது. அம்மா ஜெயம்மா தெரணியகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டினாள். நான் டவுனில் ஹலீம் நானாவின் கம்யூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி அடித்துக்கொண்டும், போன்களுக்கு ரிங்டோன் ஏற்றிக்கொண்டும் இருந்தேன். என்னோடு வேலை செய்த கிருஷ்ணராஜ் கடைக் கம்ப்யூட்டரில் பீட் போடுவான். சாமான் அறைச் சுவரில் ஒரு பழைய மெத்தையைச் சாய்த்து வைத்து, நான் அதைப் பார்த்துப் பாடுவேன். மேடைப் பெயர் ஒட்டுப்பால் சசி. பாலை எடுத்த பிறகும் மரத்தில் கட்டிய சிரட்டையில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் ஒட்டுப்பால். லேசில் பிய்க்க முடியாது.

மேடைதான் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் அவிசாவளை பஸ் ஒன்றில் எங்கள் பாட்டு ஓடியது. திரீவீல் பையன்கள் போனுக்குப் போன் அனுப்பிக்கொண்டார்கள். அந்தப் பாட்டு இப்படித் தொடங்கும்:

*காலையில பெரட்டுல தொரை படிக்கிற லிஸ்ட்டு,*
*மழை பேஞ்சா மரத்துக்கு மட்டுந்தான் ரெஸ்ட்டு.*

பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பது; மழை நாளில் மரத்தை வெட்டமாட்டார்கள், ஆட்களை மட்டும் வேறு வேலைக்கு அனுப்புவார்கள். பாட்டு எப்படியோ கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த சுஜனின் காதுக்குப் போய்விட்டது. கம்பெனி, ரேடியோ என்று யார் தயவும் இல்லாமல் பாடுகிற தமிழ் ராப்பர்களைச் சேர்த்து அவர் 'அடிவாரம்' என்று ஒரு சி.டி. வெளியிடுவார். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். அதில் வந்தவர்களைக் கொழும்பு மேடைகளுக்குக் கூப்பிடுவார்கள். வராதவர்கள் என்னைப்போல் ரிங்டோன் ஏற்ற வேண்டியதுதான். சுஜன் போன் பண்ணி, ஒன்பதாவது பாட்டு உங்களுடையது என்றார். நான் கடை வாசலிலேயே குதித்தேன். ஹலீம் நானா போனைக் கீழே போட்டுவிடாதே என்றார்.

பிறகுதான் சுஜன் மற்றதைச் சொன்னார். முந்திய வருடம் ஒருவன் வேறு யாரோ எழுதிக் கொடுத்ததைத் தன்னுடையது என்று பாடி, பெரிய கலாட்டா ஆகிவிட்டதாம். ராப்பில் அதைவிடக் கேவலம் வேறு இல்லை. அதனால் இந்த முறை சி.டி.யோடு ஒரு சின்னப் புத்தகம் வரும். ஒவ்வொருவரும் தன் பாட்டைத் தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அப்படியே கொப்பி அடித்துப் போடுவார்கள்.

எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு டீச்சர். நான் சேர வேண்டிய வருடம் அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். அம்மா என்னைக் கீழே ரோட்டோரச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். அவளைக் குறை சொல்லமாட்டேன், வேறு என்ன செய்வாள்? அதனால் நான் தமிழில் பேசுவேன், தமிழில் சண்டை பிடிப்பேன், தமிழில் பாட்டுக் கட்டுவேன். எழுதுவது மட்டும் சிங்கள எழுத்தில். பாட்டு எழுதுகிற என் கொப்பி முழுக்கத் தமிழ்தான், ஆனால் ஒரு தமிழ் எழுத்து இருக்காது. இதைத் தமிழில் எழுதுகிறாயே என்று கேட்பீர்கள். அதைப் பிற்பாடு பழகினேன், அது வேறு கதை. அன்றைக்கு, தமிழ் ராப்பர் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவளுக்கு 'அம்மா' என்று எழுத வராது. தோட்டத்துக்கு வெளியே கிருஷ்ணராஜைத் தவிர யாருக்கும் இது தெரியாது. தெரிய விடவும் இல்லை.

நான் எழுதித் தருகிறேன் என்றான் கிருஷ்ணராஜ். அவன் எழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் சொல்லச் சொல்ல எழுதினான். எழுதி, என்வலப்பில் போட்டு, அதன்மேல் என் பெயரையும் எழுதி, பாட்டு இருந்த சி.டி.யின்மேல் 'பீட்: கிருஷ்ணராஜ்' என்றும் எழுதினான். கெட்டிக்காரன்தான். எல்லாவற்றையும் ஒரே கையால் எழுதினான்.

வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில்தான் சுஜனின் ஸ்டூடியோ. நானும் கிருஷ்ணராஜும் நேரிலேயே கொண்டுபோனோம். ஹுஸைன் என்பவர் கம்ப்யூட்டரில் இருந்தார். சுஜன் பாட்டுத் தாளைப் பார்த்தார், என்வலப்பைப் பார்த்தார், சி.டி.யைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பீட் போட்டவர்ட எழுத்தும் உங்கட எழுத்தும் ஒண்டா இருக்கே," என்றார். "பாட்டை எழுதினது ஆர்?"

கிருஷ்ணராஜ் வாயைத் திறந்தான். அவன் எதைச் சொன்னாலும் இன்னும் கெடும் என்று எனக்குத் தெரியும். பொம்பிளைப் பிள்ளை வாயசைக்கிறாள், பையன் எழுதிக் கொடுக்கிறான் என்று கொழும்பு முழுக்கச் சொல்வார்கள். என் வரிகள், வேர்த்து விறுவிறுத்து நான் கட்டின வரிகள், இன்னொருத்தன் பெயரில் போய்விடும். வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஆத்திரம்தான் ஜெயித்தது. பையைத் திறந்து கொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன்.

சுஜன் புரட்டிப் பார்த்து, இது சிங்களமல்லவா என்றார். ஹுஸைன் எட்டி வாங்கினார். அவர் மாவனல்லைக்காரர், அவருக்கு இரண்டு எழுத்தும் தண்ணீர்பட்ட பாடு. ஒரு வரியை மனதுக்குள் வாசித்தார், நெற்றியைச் சுருக்கினார், பிறகு சத்தமாக வாசித்தார். காலையில பெரட்டுல தொரை படிக்கிற லிஸ்ட்டு. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மச்சான், இது தமிழ்டா," என்றார்.

பக்கம் பக்கமாக வாசித்தார். நான் வெட்டிப்போட்ட வரிகளையும் விடவில்லை. 'ரெஸ்ட்டு' கிடைக்கும் முன்னால் அந்த இடத்தில் ஏழு சொல் எழுதி ஏழையும் அடித்திருந்தேன். ஒன்றைக் காட்டி, இது நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் வெட்டினாய் என்று கேட்டார். பாடினால் மூச்சு முட்டுது, அதுதான் என்றேன்.

சுஜன் நல்ல மனிதர். மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, புத்தகத்தில் கிருஷ்ணராஜ் எழுதிய தாளையே போட்டுவிடலாம் என்றார். நாட்டில் யுத்தம் நடக்கிறபோது தமிழ்ச் சி.டி.யில் சிங்கள எழுத்தைப் பார்த்தால் நம் ஆட்கள் ஒன்று சொல்வார்கள், மற்றவர்கள் ஒன்று சொல்வார்கள். எதற்கு வம்பு? யாருக்கும் தெரியவராது என்றார்.

யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான் நானும் வந்தேன். ஆனால் கொப்பி மேசையில் விரிந்து கிடந்தது. அதைத் திரும்பப் பைக்குள் வைக்கக் கை வரவில்லை.

"என் கையால எழுதினது வேணும்னு நீங்கதான் கேட்டீங்க," என்றேன். "இதுதான் என் கை. போட்டா இதப் போடுங்க. இல்லாட்டி பாட்ட எடுத்துருங்க."

மற்றவர்களையும் கேட்க வேண்டும் என்றார் சுஜன். வந்த சீதேவியை எட்டி உதைத்துவிட்டாய் என்று அவிசாவளையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கிருஷ்ணராஜ் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. மூன்று வாரம், எந்தப் போன் அடித்தாலும் சுஜன்தானா என்று ஓடினேன்.

நாலாவது வாரம் பார்சல் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் என் கொப்பித் தாள், அடித்தல் திருத்தலோடு. மேலே தமிழில் 'ஒட்டுப்பால் சசி', கீழே முழுக்க என் எழுத்து. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடையைக் கிருஷ்ணராஜிடம் விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன்.

ரப்பர் ஸ்டோரில் பால் கொடுக்க வந்த பெண்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. புத்தகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ரப்பர் ஷீட் உருட்டுகிற டிலானியிடம் கொடுத்தாள். டிலானி சிங்களப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள், நான் பாடுவதைக் கேட்டு வாயைக்கூட அசைக்காதவள். புரட்டிக்கொண்டே போனாள். எட்டுப் பக்கம் தமிழ், அவளுக்கும் என்னைப்போல் தமிழ் எழுத்து வராது. ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள். உதடு அசைந்தது. பிறகு குரல் வந்தது. பால் வாளிகளுக்கு நடுவில் நின்று, ஒரு இடத்தில்கூடத் தட்டாமல், தாளத்தோடு கடைசி வரி வரைக்கும் பாடிவிட்டாள். பெண்கள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டிலானி புத்தகத்தை மூடவில்லை. என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"இப்படி எழுதலாமாடி?" என்றாள். "நா மூணு கொப்பி எழுதி வச்சிருக்கேன். தமிழ் எழுத்து தெரியாதவ எழுதுறது பாட்டான்னு சிரிப்பாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் ஒருத்தருக்கும் காட்டல."

எடுத்துக்கொண்டு வா என்றேன். அவள் ஷீட் உருட்டிய கையைக்கூடக் கழுவாமல் லயத்து வீட்டுக்கு ஓடினாள்.