வியர்க்காத ஐஸ் கட்டி

டோங்கோவா தீவின் கிளினிக்கில் நர்ஸ் லெய்வியாவுக்கு மட்டும் ஓர் இருமல் கேட்கும். ஆளில்லாத அறையிலும் கேட்கும். நீளமாக இருமி, மூச்சை இழுத்து, அப்படியே நின்றுவிடும்.

போன வருஷம் வெயில் கொளுத்தியது. படகில் தடுப்பு மருந்து கெட்டுவிடக் கூடாதே என்ற பதைப்பில், ஐஸ் கட்டிகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு மருந்துப் பெட்டியில் அடுக்கினாள். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, மேலே நீர் துளிர்க்கும்வரை வியர்க்கவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். குளிர் கூடினால் நல்லதுதானே என்று நினைத்துவிட்டாள். கரையிறங்கியபோது மருந்து உறைந்திருந்தது. உருகவிட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டாள். ஒருமுறை உறைந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம் என்று அவள் அறிந்தபோது, கக்குவான் இருமல் தீவுக்குள் வந்துவிட்டது. தீவுக்காரி மெரியமின் மகன் அதில்தான் போனான். மருந்து உறைந்ததை லெய்வியா யாரிடமும் சொல்லவில்லை.

இன்று மெரியம் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தாள்.

"புதன்கிழமை புது நர்ஸ் வருவா. பாப்பாவுக்கு அவகிட்டத் தடுப்பூசி போட்டுக்கயேன்," என்றாள் லெய்வியா.

"ஏன் சிஸ்டர் துரத்துறீங்க? என்மேல மீன் நாத்தம் அடிக்குதா?" மெரியம் சிரித்தாள். "கடைசி மூச்சு வரைக்கும் அவனை மடியில வெச்சிருந்தது நீங்கதானே. அதான் இவளுக்கு உங்க பேரையே வெச்சிட்டேன். நீங்களே போடுங்க."

லெய்வியா மருந்துக் குப்பியைக் குலுக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மறுபடியும் குலுக்கினாள். உறைந்த மருந்தில் தெரியும் திரிதிரியான படிவு இதில் இல்லை. நல்ல மருந்துதான்.

ஊசி ஏறியதும் குழந்தை வீறிட்டது. அழுகை அடங்கிய பிறகும் லெய்வியா அசையாமல் நின்றாள், அடுத்து அந்த இருமல் கேட்குமா என்று காது கொடுத்தபடி.